மணமும் மனமும்

நுழையும்முன்

தீபாவளி நெருங்கும் நாள்களில் தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களின் கடைத்தெருக்களில், அகல்விளக்குகளுக்குப் பக்கத்திலேயே நறுமண மெழுகுவத்திகளையும் அடுக்கி வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கண்ணாடிக் குவளையில் வார்த்த அம்மெழுகுவத்திகளின் மேலட்டையில் 'மன அமைதி', 'நல்ல உறக்கம்', 'புத்துணர்ச்சி' என்றெல்லாம் அச்சிட்டிருப்பர். ஒரு மெழுகுவத்தியால் மனத்தை மாற்ற முடியுமா? முடியும் எனில், எவ்வாறு? எந்த அளவுக்கு? இவ்வினாக்களுக்கு விடை காண நாம் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. மூக்கிலிருந்து தொடங்கினால் போதும்.

மூக்கின் வழி

ஒரு பொருளிலிருந்து பிரிந்து காற்றில் கலந்து வரும் நுண்ணிய மூலக்கூறுகளையே நாம் மணமாக உணர்கிறோம். மல்லிகையை முகரும்போது மல்லிகையின் மிகச் சிறிய பகுதி ஒன்று உண்மையாகவே நம் மூக்கினுள் நுழைகிறது. மூக்கின் உட்புறத்தில், மேற்பகுதியில், அஞ்சல்தலை அளவே உள்ள மென்படலம் ஒன்று உண்டு. அதில் பல இலட்சம் முகர்வு உயிரணுக்கள் அமைந்துள்ளன. உள்ளே வரும் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அவ்வுயிரணுக்களின் மேல் உள்ளன. மனிதரிடம் இத்தகைய ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை.

நானூறு வகை ஏற்பிகளைக் கொண்டு எண்ணற்ற மணங்களை எப்படிப் பிரித்தறிய முடிகிறது? தமிழில் உள்ள எழுத்துகள் 247. அவற்றைச் சேர்த்துச் சேர்த்து எத்தனை சொற்களை ஆக்குகிறோம்! அதுபோலவே, ஒரு மணம் வரும்போது சில ஏற்பிகள் விழித்துக்கொள்கின்றன. மற்றொரு மணத்திற்கு வேறு சில விழித்துக்கொள்கின்றன. எவையெவை ஒன்றாக விழித்தன என்பதைக் கொண்டு மூளை அம்மணத்தைப் 'படிக்கிறது'. இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்களை 1991ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டவர்கள் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் என்னும் அமெரிக்க அறிவியலாளர்கள். இவர்களுக்கு 2004ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் நம் பாடத்திற்கு மிகவும் வேண்டியது. கண் கண்டதும் காது கேட்டதும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்னும் பகுதிக்கு முதலில் சென்று, அங்கிருந்தே உரிய இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. தலைமை அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரிப்பது போன்றது அது. முகர்வுச் செய்தி மட்டும் அந்த அஞ்சலகத்தில் காத்திருப்பதில்லை. அச்சம், மகிழ்ச்சி போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதிக்கும், நினைவுகளைச் சேர்த்து வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதிக்கும் அது குறுக்குவழியாகச் சென்று சேர்கிறது. அதனால்தான் ஒரு மணம் வந்தவுடன், அது எதன் மணம் என்று பெயர் சொல்வதற்கு முன்பே, மனம் மலர்ந்துவிடுகிறது, அல்லது சுருங்கிவிடுகிறது.

நினைவில் தங்கும் மணம்

முதியவர்களிடம் சில மணங்களை முகரக் கொடுத்து, அவற்றால் எழும் நினைவுகளைக் கூறுமாறு ஆய்வாளர்கள் கேட்டிருக்கின்றனர். சொற்களால் தூண்டப்பட்ட நினைவுகள் பெரும்பாலும் இளமைப் பருவத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. மணத்தால் தூண்டப்பட்டவையோ இன்னும் பின்னே சென்று, பத்து வயதுக்கு முற்பட்ட குழந்தைப் பருவத்தைத் தொட்டன.

இதை உங்கள் வீட்டிலேயே காணலாம். முதல் மழைத்துளி மண்ணில் விழுந்ததும் உங்கள் அப்பா பலகணியைத் திறந்து வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நிற்கிறார் என்று கொள்வோம். அவர் நிற்பது ஏழாவது மாடியில். அவர் மனம் நிற்பதோ தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்வரப்பில். அதே மழை, அதே மண்மணம் உங்களுக்கு வேறொன்றை நினைவூட்டலாம். பள்ளிப் பேருந்து தேங்கிய நீரில் நின்றுபோன நாளை நினைவூட்டலாம்.

தில்லியில் வளரும் மாணவர்களுக்கு இன்னொரு மணமும் தெரிந்திருக்கும். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் அக்டோபர் மாதத்தில், மாலை நேரத்தில் தெருவெங்கும் ஒரு கனத்த மணம் பரவும். அது ஏழிலைப்பாலை என்னும் மரத்தின் பூ மணம். வங்காளத்தில் இம்மரத்தைச் சாத்திம் என்பர். துர்க்கா பூசைக் காலத்தை நினைவூட்டும் மணம் என்று அங்குள்ளோர் போற்றுவர். தில்லியிலோ, இதனால் தலைவலி வருகிறது என்று முறையிடுவோரும் உண்டு. உங்கள் பெற்றோருக்கு அம்மரத்தின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து, ஏதோ ஓர் ஊரில் அந்த மணத்தை நீங்கள் எதிர்கொள்ள நேர்ந்தால், சீருடையும் வீட்டுப்பாடமும் தோழர்களும் நிறைந்த இந்த நாள்கள் ஒருங்கே எழுந்து வரும்.

தெரிந்து தெளிவோம்

உத்தரப்பிரதேசத்தில் உள்ள கன்னௌஜ் என்னும் ஊர் அத்தர் தயாரிப்பில் பெயர் பெற்றது. அங்கு மண்மணத்தையே அத்தராக வடிக்கின்றனர். சுட்ட களிமண்ணைச் செப்புக் கொப்பரையில் நீரோடு இட்டுக் காய்ச்சுவர். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று, மற்றொரு செப்புக் கலத்தில் உள்ள சந்தன எண்ணெயில் சேரும். மழைமணத்தை எண்ணெயில் பிடித்து வைக்கும் இக்கலைக்குப் பின்னரே அறிவியல் அதற்குப் பெயர் இட்டது. 1964ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிவியலாளர்களாகிய இசபெல் ஜாய் பியர், ரிச்சர்டு தாமஸ் ஆகிய இருவரும் அம்மணத்தைப் 'பெட்ரிகோர்' என்று அழைத்தனர். தங்கள் கட்டுரையில் இந்திய மண் அத்தரையும் அவர்கள் குறிப்பிட்டுள்ளனர்.

நாற்றம் என்னும் சொல்

வீட்டில் 'நாற்றம்' என்று யாரேனும் சொன்னால் உடனே மூக்கைப் பொத்திக்கொள்வோம். ஆனால் பழந்தமிழில் நாற்றம் என்பது பொதுவாக மணத்தையே குறித்தது. பெரும்பாலும் நறுமணத்தைக் குறித்தது. திருக்குறளின் காமத்துப்பாலில், அரும்பினுள் அடங்கியிருக்கும் பூமணத்தை வள்ளுவர் 'நாற்றம்' என்றே குறிப்பிடுகிறார். கால ஓட்டத்தில் அச்சொல் நல்ல பொருளை இழந்து, தீய பொருளை மட்டும் ஏற்றுக்கொண்டது. 'மணம்', 'வாசனை' ஆகிய சொற்கள் நல்லவற்றுக்கு உரியனவாயின.

சொல்லுக்கு நேர்ந்தது மூக்குக்கும் நேர்வதுண்டு. ஒரே மணம் ஒருவருக்கு நறுமணமாகவும் மற்றொருவருக்குத் துர்நாற்றமாகவும் தோன்றுகிறது. வகுப்பில் ஒரு மாணவி சிற்றுண்டிப் பெட்டியைத் திறக்கிறாள். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியும் இட்லியும். பக்கத்து இருக்கையில் உள்ளவர் முகத்தைச் சுளிக்கிறார். அன்று மாலை வீட்டுக்கு வந்தவுடன், "அம்மா, நாளை முதல் ரொட்டியும் ஜாமும் போதும்" என்கிறாள் அவள். இப்படி ஒரு நாள் உங்களில் பலருக்கு வந்திருக்கக்கூடும். அவள் உணவில் குறை ஏதும் இல்லை. பக்கத்தில் இருந்தவருக்கு அம்மணம் பழக்கமில்லாதது, அவ்வளவே. கொல்கத்தாவுக்குப் புதிதாகக் குடிபெயரும் தமிழ்க் குடும்பம் ஒன்று, மாடிப்படி முழுவதும் பரவும் கடுகெண்ணெய் மணத்தால் முதல் வாரத்தில் திணறிப்போவதும் அத்தகையதே. சில ஆண்டுகளில் அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதே மணம் பசியைத் தூண்டும். பிடித்த மணம், பிடிக்காத மணம் என்பவற்றுள் பெரும்பகுதி பிறவியில் வருவதன்று; கற்றுக்கொள்வது.

2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனை அழகாகக் காட்டியது. ஒரே கலவையை மக்களிடம் இருமுறை முகரக் கொடுத்தனர். ஒருமுறை அதனைப் பாலாடைக்கட்டி என்றனர். மற்றொருமுறை வாந்தி என்றனர். பாலாடைக்கட்டி என்று கேட்டபோது விருப்பத்துடன் முகர்ந்தவர்கள், வாந்தி என்று கேட்டபோது அருவருத்தனர். பெயர் மாறியவுடன் மணமே மாறியதாக அவர்களுக்குத் தோன்றிற்று.

மதுரை மல்லிகையை அறியாதவர் இலர். 2013ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அம்மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்னும் பொருளும் சிறிதளவு கலந்துள்ளது. அதனைத் தனியே பிரித்துச் செறிவாக முகர்ந்தால் கழிவறையின் வாடை அடிக்கும். மற்ற பொருள்களோடு சிறிதளவாகக் கலந்திருக்கும்போதோ, மல்லிகைக்கு அதன் கனிந்த மணத்தைத் தருவது அதுவே.

மெழுகுவத்தி செய்யும் வேலை

இனி நறுமண மெழுகுவத்திக்கு வருவோம். திரியைக் கொளுத்தியவுடன் சுடரின் வெப்பத்தால் அதனைச் சுற்றியுள்ள மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகு திரியின் நுண்ணிய இடைவெளிகள் வழியே மேலேறி, ஆவியாகி எரிகிறது. எரிவது திரி என்று பலரும் நினைப்பர். உண்மையில் எரிவது மெழுகின் ஆவியே. மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கில அறிவியலாளர் இலண்டனில் இளைஞர்களுக்காக ஆற்றிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில், ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு வேதியியலின் பல செய்திகளை விளக்கிவிட்டார். அவருடைய அச்சொற்பொழிவுகள் நூலாகவும் வந்துள்ளன. ஆங்கிலப் பாடத்தில் ஆர்வமுள்ளோர் தேடிப் படிக்கலாம்.

மெழுகோடு கலந்திருக்கும் நறுமண எண்ணெய், சுடரைச் சுற்றித் தேங்கியுள்ள உருகிய மெழுகிலிருந்து ஆவியாகி அறையில் பரவுகிறது. அதுவே நம் மூக்கை எட்டுகிறது. சில நிமிடங்களில் அம்மணம் குறைந்துவிட்டதுபோல் தோன்றும். மணம் குறையவில்லை, மாறாமல் வந்துகொண்டிருக்கும் செய்தியை மூளை பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. பூக்கடையில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்குப் பூமணம் தெரியாததும் இதனால்தான். இதை அறியாதவர்கள் மணம் போதவில்லை என்று இரண்டாவது மெழுகுவத்தியையும் ஏற்றிவிடுகின்றனர்.

மன அமைதிக்கு என்று விற்கப்படும் மெழுகுவத்திகளில் லாவெண்டர் மணம் மிகுதி. லாவெண்டர் அயல்நாட்டுச் செடி எனினும், அண்மை ஆண்டுகளில் சம்மு பகுதியின் தோடா மாவட்டத்தில், பதேர்வாப் பள்ளத்தாக்கில் உழவர்கள் அதனைப் பயிரிட்டு வருகின்றனர். அதன் மணத்திற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று லினலூல் என்னும் பொருள். 2018ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர்கள் எலிகளை லினலூல் மணத்தை முகரச் செய்தனர். எலிகளின் பதற்றம் குறைந்தது. முகரும் திறனை இழந்த எலிகளிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. எனவே அது மூக்கின் வழியாகவே வேலை செய்தது எனத் தெளிந்தனர். மனிதரிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் இவ்வளவு தெளிவானவை அல்ல. சிலவற்றில் பதற்றம் ஓரளவு குறைந்தது. சிலவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இங்கு நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒருவர் மாலையில் பெருவிளக்கை அணைக்கிறார். கைப்பேசியை எடுத்து அப்பால் வைக்கிறார். மெழுகுவத்தியை ஏற்றிச் சுடரைப் பார்த்தவாறு சாய்ந்து அமர்கிறார். சற்று நேரத்தில் மனம் அமைதி அடைகிறது. அமைதியைத் தந்தது லாவெண்டரா, மங்கிய ஒளியா, ஓய்வா, அணைத்து வைத்த கைப்பேசியா? எல்லாம் சேர்ந்தே என்பதுதான் பொருத்தமான விடை. கைப்பேசியின் பங்கு பெரிது என்பது இப்பாடத்தை எழுதுபவரின் எண்ணம். நாள்தோறும் அதே வேளையில் அதே மணத்தோடு ஓய்வு கொண்டால், மனம் அவ்விரண்டையும் இணைத்துக்கொள்ளும். பின்னர் அம்மணமே 'ஓய்வு நேரம் வந்தது' என்னும் அறிவிப்பாகிவிடும். பாட்டி ஏற்றும் ஊதுவத்தியின் மணம் வந்தவுடன் கை, கால் கழுவிக்கொண்டு பூசையறைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே விலையுயர்ந்த மெழுகுவத்திதான் வேண்டும் என்பதில்லை. நறுக்கிய எலுமிச்சையும், கசக்கிய துளசி இலையும், தலையணை அருகே வைத்த நான்கு மல்லிகையும் அதே வேலையைச் செய்யக்கூடும். ஆனால் மனத்துயர் பல நாள்களாக நீங்காமல் இருந்தால், உறக்கமும் பசியும் கெட்டால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறி மருத்துவரை நாட வேண்டும். அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் மெழுகுவத்தி மருந்தாகாது.

புகையும் கருத வேண்டியதே. மெழுகுவத்தி எரியும்போது நுண்ணிய கரித்துகள்கள் வெளியாகின்றன. ஊதுவத்தியும் சாம்பிராணியும் இன்னும் மிகுதியான புகையைத் தருவன. குளித்த கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டிய மரபு நம்முடையது. அம்மரபு காற்றோட்டமான முற்றங்களைக் கொண்ட வீடுகளில் வளர்ந்தது. குளிர்காலத் தில்லியில் எல்லாச் சன்னல்களையும் அடைத்துக்கொண்டு ஓர் அறைக்குள் ஏற்றுவது வேறு. ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் அறையில் இவற்றைத் தவிர்ப்பதே நன்று. திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிவிட்டால் கரி குறையும். திரைச்சீலைக்கு அருகே வைத்தலும், ஏற்றிவிட்டு உறங்கிப்போதலும் கூடாது. பெரியோர் உடன் இல்லாதபோது நீங்கள் ஏற்றவே கூடாது.

மணம் இல்லாத நாள்கள்

2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று பரவியபோது, நோயுற்றவர்களுள் பலர் முகரும் திறனை இழந்தனர். பலருக்கு அது சில வாரங்களில் மீண்டது. சிலருக்கு மாதக்கணக்கில் மீளவில்லை. காய்ச்சலைவிட இதுவே அவர்களை மிகவும் வருத்தியது. காப்பி வெந்நீராயிற்று, ரசம் வெறும் புளிப்பும் உவர்ப்பும் ஆயிற்று. அன்புடையோர் அருகில் இருந்தும் ஏதோ கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருப்பதுபோல் உணர்ந்ததாகச் சிலர் கூறினர்.

அவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைத்த பயிற்சி எளியது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கின் மணங்களை நாள்தோறும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். முகரும்போது அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இப்படிப் பல வாரங்கள் செய்ய வேண்டும். செருமானிய மருத்துவர் தாமஸ் ஹும்மலும் அவருடைய குழுவினரும் 2009ஆம் ஆண்டிலேயே இம்முறையை ஆராய்ந்து வெளியிட்டிருந்தனர். எல்லோருக்கும் இது பயன் தந்தது எனக் கூற இயலாது. பயன் பெற்றவர்களுக்கு மணங்கள் ஒரே நாளில் திரும்பவில்லை. முதலில் மங்கலாக, சில வேளைகளில் திரிந்த மணமாக, மெல்ல மெல்லவே திரும்பின.

சொற்பொருள்

முகர்தல் – மூக்கால் மணத்தை அறிதல்
ஏற்பி – வரும் பொருளை ஏற்று உணரும் உறுப்பு
பலகணி – சன்னல்
செறிவு – அடர்த்தி
துர்நாற்றம் – தீய மணம்
அகில் – நறுமணப் புகை தரும் மரம்

பயிற்சி

1. பொருத்தமான சொல்லை இட்டு நிரப்புக. (மணம், மனம்)
அ) மல்லிகையின் ______ வீடெங்கும் பரவியது.
ஆ) தாத்தாவின் கடிதத்தைப் படித்ததும் ______ நெகிழ்ந்தது.
இ) மண்ணின் ______ அப்பாவின் ______ முழுவதையும் நிறைத்தது.

2. பிரித்து எழுதுக.
நறுமணம், நல்லெண்ணெய், மனத்துயர்

3. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
அ) முகர்வுச் செய்தி பிற புலன்களின் செய்தியிலிருந்து எவ்வாறு வேறுபட்ட வழியில் செல்கிறது?
ஆ) 'நாற்றம்' என்னும் சொல்லின் பொருள் எவ்வாறு மாறியது?
இ) மெழுகுவத்தியின் மணம் சில நிமிடங்களில் குறைந்ததுபோல் தோன்றுவது ஏன்?

4. விரிவான விடை எழுதுக.
சிற்றுண்டிப் பெட்டியைத் திறந்த மாணவியின் இடத்தில் நீங்கள் இருந்தால், முகம் சுளித்தவரிடம் என்ன கூறுவீர்கள்? உரையாடலாக எழுதுக.

5. செயல்பாடு
உங்கள் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம், அவருடைய சிறுவயதை நினைவூட்டும் மணம் எது என்று கேளுங்கள். அது எந்த ஊர், எந்தக் காலம், யார் உடன் இருந்தனர் என்பவற்றைக் கேட்டு, அவர் பேசிய சொற்களிலேயே பத்து வரிகள் எழுதி வருக. அதன் கீழே, நீங்கள் இப்போது வாழும் ஊரின் மணங்களுள் ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக. அம்மணத்திற்குத் தமிழில் பெயர் தெரியவில்லை எனில், நீங்களே ஒரு பெயர் இடலாம்.